பசியோடு அத்தோ கடைக்குப் போகாதீர்கள்

உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்குக் காலையும் மதியமும் பெரிய சிக்கல் இல்லை. மாலையில் பசித்த வயிற்றோடு நண்பர்கள் கூப்பிடும்போதுதான் எல்லாம் சரியும். அதனால் கிளம்பும் முன்பே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டுவிடுங்கள். வெந்த கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. பசி நன்றாகவே அடங்கும். அப்புறம் சென்னை பர்மா பஜார் பக்கம், பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடையில் நின்றாலும் கவலையில்லை. நூடுல்ஸை விட்டுவிட்டு, வாழைத்தண்டு சூப்பும் ஒரு மசாலா முட்டையும் போதும். கூட்டத்தோடு சேர்ந்து நின்ற மாதிரியும் ஆச்சு.

சொந்தக்காரர் வீடுதான் இன்னும் கஷ்டம். அங்கே "டயட்" என்று ஆரம்பிக்காதீர்கள், வற்புறுத்தல்தான் கூடும். உட்கார்ந்ததுமே, "அத்தை, சர்க்கரை இல்லாம ஒரு டீ குடுங்க" என்று நாமே கேட்டுவிடுவது நல்லது.