மேன் பக்கத்தில் அந்த எண் எதற்கு?

லினக்ஸ் டெர்மினலில் பிடபிள்யூடி (எந்த ஃபோல்டரில் இருக்கிறோம்), எல்எஸ் (உள்ளே என்ன இருக்கிறது), சிடி (ஃபோல்டர் மாறுவது) மூன்றும் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன். (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். அடிக்கும்போது எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து.) அடுத்துப் பழக வேண்டியது மேன், அதாவது கட்டளைகளின் கையேட்டுப் பக்கத்தைத் திரையில் காட்டும் கட்டளை. இணையத்தில் கிடைக்கும் விளக்கம் மேக்குக்கு எழுதியதாக இருக்கலாம். அங்கே எல்எஸ் வேறு குடும்பம், சில ஆப்ஷன்கள் ஒத்துவராது. மேன் காட்டுவது உங்கள் கணினியில் உள்ள பதிப்புக்கானது.

மேன் எல்எஸ் என்று அடியுங்கள். நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம், யாரும் முழுதாகப் படிப்பதில்லை. சாய்கோடு போட்டு, தேடும் சொல்லை அடித்து, எண்டர் தட்டுங்கள். ‘என்’ அழுத்தினால் அடுத்த இடம், ‘கியூ’ அழுத்தினால் வெளியே.

சரி, பலரும் முழிக்கும் இடத்துக்கு வருவோம். கடவுச்சொல் மாற்றும் கட்டளையின் பெயர் பாஸ்டபிள்யூடி (பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி). இடிசி ஃபோல்டருக்குள் அதே பெயரில் ஒரு ஃபைலும் உண்டு. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி, முக்காற்புள்ளியால் பிரித்த 7 பகுதிகள். அந்த ஃபைலைப் பற்றித் தெரிந்துகொள்ள மேன் பாஸ்டபிள்யூடி அடித்தால் கட்டளையின் பக்கம்தான் வரும். முதல் வரியைப் பாருங்கள்: பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் 1 என்று இருக்கும். 1 என்றால் கட்டளைகள், 5 ஃபைல் வடிவங்கள், 8 நிர்வாகிகளுக்கானவை. ஆகவே மேன், இடைவெளி, 5, இடைவெளி, பாஸ்டபிள்யூடி என்று அடியுங்கள். அந்த 7 பகுதிகளும் வரிசையாக விளக்கப்பட்டிருக்கும். எந்தெந்த எண்ணில் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வாட்இஸ் பாஸ்டபிள்யூடி போதும்.

இடிசி, வேர் (வி, ஏ, ஆர்), யுஎஸ்ஆர் ஃபோல்டர்கள் எல்லாம் எதற்கு என்று குழம்பினால் மேன் 7 ஹையர் (எச், ஐ, இ, ஆர்) என்று அடியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். டிஎல்டிஆர் என்ற கருவியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள்; எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நல்லது, ஆனால் முதலில் மேன்.

பின்சேர்க்கை: உபுண்டுவில் (லினக்ஸில் ஒரு வகை) மேன் சிடி அடித்தால் பக்கமே இல்லை என்கிறதே என்று கேட்டிருந்தார்கள். சிடி தனி நிரல் கிடையாது, நீங்கள் அடிப்பதை வாங்கி இயக்கும் பேஷ் என்ற நிரலுக்குள்ளேயே இருக்கிறது. தனி நிரலாக இருந்தால் அது தன் ஃபோல்டரைத்தான் மாற்றிக்கொள்ளும், நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். சிடிக்கு விளக்கம் வேண்டுமென்றால் ஹெல்ப் சிடி என்று அடியுங்கள். எது உள்ளே, எது வெளியே என்று சந்தேகம் வந்தால் டைப் சிடி என்று அடித்துப் பாருங்கள்.

அப்புறம், டாக்கரில் (கணினிக்குள் தனிப் பெட்டி போல நிரல்களை ஓட்டும் கருவி) உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு எந்தக் கட்டளைக்குமே மேன் பக்கம் வராது. இடத்தைக் குறைக்க டாக்கருக்கான அந்த உபுண்டு தொகுப்பிலிருந்து (இமேஜ் என்பார்கள்) பக்கங்களை எடுத்துவிட்டார்கள். திரையில் வரும் செய்தியிலேயே என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும், படியுங்கள்.