பவர்ஷெல்லை யார் ஓடவிட்டது? அலுவலகக் கணினியில் சந்தேக ஸ்கிரிப்டைக் கண்டுபிடிக்கும் வழி

அலுவலகக் கணினிக்குள் நுழைபவர்கள் பல நேரம் தனியாக ஒரு வைரஸ் ஃபைலைக் கொண்டுவருவதில்லை. விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல்லை (கட்டளைகளையும், அவற்றின் தொகுப்பான ஸ்கிரிப்டையும் ஓடவிடும் கருவி) வைத்து வேலையை முடித்துவிடுகிறார்கள். பவர்ஷெல் ஓடுவதில் தப்பில்லை, தினமும் ஓடும். அதை எந்த ப்ரோகிராம் ஓடவிட்டது, உள்ளே என்ன ஓடியது என்ற இரண்டும் தெரிய வேண்டும். விண்டோஸ் தானாக இவற்றை முழுதாகப் பதிவதில்லை. நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

விண்டோஸ் 10, 11 ப்ரோ பதிப்புகளுக்கான முறை இது. ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் (விண்டோஸின் விதிகளை மாற்றும் கருவி) கிடையாது.

முதலில் ஸ்கிரிப்ட் பதிவு. குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் → அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் → விண்டோஸ் காம்பொனென்ட்ஸ் → விண்டோஸ் பவர்ஷெல். அங்கே 'டர்ன் ஆன் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் பிளாக் லாகிங்' என்பதை எனேபிள் செய்யுங்கள். அதற்குள் இருக்கும் டிக் பெட்டியைத் தொட வேண்டாம். டிக் செய்தால் 4105, 4106 என்ற எண்ணுள்ள ஈவென்ட்கள் (பதிவுகள்) குவிந்து, தேடுவதே பெரும்பாடாகிவிடும்.

அடுத்து ப்ராசஸ் பதிவு, அதாவது எந்தெந்த ப்ரோகிராம் ஓடத் தொடங்கியது என்ற பதிவு. செக்யூரிட்டி செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் ஆடிட் பாலிசி → டீடெய்ல்ட் டிராக்கிங் → 'ஆடிட் ப்ராசஸ் கிரியேஷன்', அதில் சக்சஸ். இத்தோடு நிறுத்திவிட்டால் ப்ரோகிராமின் பெயர் மட்டும் பதிவாகும், என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பது வராது. பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் → சிஸ்டம் → ஆடிட் ப்ராசஸ் கிரியேஷனுக்குப் போய், கமாண்ட் லைனையும் (கொடுத்த கட்டளை முழுவதும்) சேர்க்கும் அமைப்பை எனேபிள் செய்யுங்கள். கட்டளையில் பாஸ்வேர்டு இருந்தால் அதுவும் அப்படியே பதிவாகும். லாகை (பதிவேட்டை) பார்க்கும் உரிமையை ஓரிருவரோடு நிறுத்துங்கள்.

பவர்ஷெல் லாகுக்கு இயல்பான அளவு 15 எம்பிதான். நிரம்பியதும் பழையது அழிந்துவிடும். ஈவென்ட் வியூவரில் (லாக்களைக் காட்டும் கருவி) அதன் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 200 எம்பிக்காவது உயர்த்துங்கள்.

இனி பார்ப்பது. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ் → செக்யூரிட்டி போய் 4688-ஐ (புதிய ப்ராசஸ் தொடங்கியதைச் சொல்லும் ஈவென்ட்) வடிகட்டுங்கள். முதலில் படிக்க வேண்டியது 'கிரியேட்டர் ப்ராசஸ் நேம்', அதாவது ஓடவிட்ட ப்ரோகிராமின் பெயர். அங்கே எக்செலோ வேர்டோ இருந்து, புதிய ப்ராசஸ் பவர்ஷெல் என்றால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். கணக்குப் பார்க்கும் ஷீட்டுக்குப் பவர்ஷெல்லைத் திறக்கும் வேலை அநேகமாக இருக்காது. பெரும்பாலும் அது அட்டாச்மென்டில் வந்த மேக்ரோ (ஆவணத்துக்குள் இருக்கும் சிறு ப்ரோகிராம்). கமாண்ட் லைனில் 'ஹிடன்', 'என்கோடட் கமாண்ட்', அதற்குப் பின் புரியாத நீள எழுத்துக்கோவை என்று இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

அந்த எழுத்துக்கோவையை நீங்கள் அவிழ்க்க வேண்டியதில்லை. அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → பவர்ஷெல் → ஆபரேஷனல் லாகில், 4104 ஈவென்ட்டில் அவிழ்ந்த வடிவமே இருக்கும். 4688, 4104 இரண்டையும் இணைப்பது புதிய ப்ராசஸின் எண். 4688-இல் அது 16 அடிமான (ஹெக்ஸ்) எண்ணாக வரும். 4104-இன் டீடெய்ல்ஸ் பகுதியில் சாதாரண எண். 4688-இல் 1580 என்றால் 4104-இல் 5504. கால்குலேட்டரின் ப்ரோகிராமர் முறை மாற்றித் தந்துவிடும். நீளமான ஸ்கிரிப்ட் பல ஈவென்ட்களாக உடைந்திருக்கும். ஒரே ஸ்கிரிப்ட் பிளாக் ஐடி உள்ளவற்றை வரிசையாகச் சேர்த்துப் படியுங்கள்.

ஆபரேஷனல் லாகில் எதுவுமே இல்லையா? பழைய பவர்ஷெல் 2.0-ஐ அழைத்திருக்கலாம், அதற்கு இந்தப் பதிவு கிடையாது. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் அது இருந்தால் நீக்கிவிடுங்கள். பவர்ஷெல் 7-க்கு லாகும் பாலிசியும் தனி. செக்யூரிட்டி லாகில் 1102 இருந்தால் யாரோ அதை அழித்திருக்கிறார்கள்.

கணினி மேலாண்மை மென்பொருள்களும் லாகின் ஸ்கிரிப்ட்களும் இதே போலத் தெரியும். ஒரு வாரம் பார்த்து, வழக்கமாக ஓடுபவற்றைக் குறித்துவையுங்கள்.

சந்தேகம் உறுதியானால் நெட்வொர்க் கேபிளை எடுங்கள், வைஃபையைத் துண்டியுங்கள். கணினியை அணைக்காதீர்கள், மெமரியில் உள்ள தடயம் போய்விடும். இரண்டு லாக்களையும் 'சேவ் ஆல் ஈவென்ட்ஸ் ஆஸ்' மூலம் சேமித்து, பாதுகாப்புக் குழுவிடம் கொடுங்கள்.