லண்டன் போகிறவர்களே, ஒரு கில்ட்ஹோலுக்கும் ஒரு நாள் வையுங்கள்

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறோம் என்று மட்டக்களப்பில் யார் சொன்னாலும், எத்தனை நாள் நிற்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மூன்று மாதம், ஆறு மாதம் என்பார்கள். அதில் ஒரு நாளை எடுத்து, கடலோரத்தில் ஏதாவது ஒரு பழைய ஊருக்குப் போய், அந்த ஊரின் நடுவில் நிற்கும் கில்ட்ஹோலைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன். மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், இருபது வருடத்துக்கு மேல் எழுதுவினைஞராக இருந்தவன் நான், பழைய கட்டடத்துக்குள் அரசாங்க வேலை நடப்பது எனக்குப் புதிதில்லை, ஆனாலும் அங்கே போய்ப் பார்த்தபோது ஒரு ஊர் தன்னைத் தானே நிர்வகிக்கத் தொடங்கிய இடத்தைக் கண்ட மாதிரி இருந்தது. எப்படிப் பார்ப்பது என்று அன்று எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கில்ட் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் அது வெறும் பழைய கட்டடம்தான். இடைக்காலத்தில் ஒரு ஊரின் வணிகர்களும் தொழில்காரர்களும் ஒரு புனிதரின் பெயரில் சங்கமாகச் சேர்ந்து சந்தா கட்டினார்கள். அங்கத்தவர் இறந்தால் அடக்கச் செலவு, அவர் ஆன்மாவுக்குப் பூசை, நொடித்துப்போனவருக்கு உதவி, வருடத்தில் ஒரு நாள் பெரிய விருந்து, இதோடு ஊரில் யார் என்ன விற்கலாம் என்பதிலும் அவர்களுடைய கை இருந்தது. நமக்கு இது விளங்குவது சுலபம். கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் கோயில் உரிமையைக் குடிகள் பங்குபோட்டு வைத்திருப்பதையும், வண்ணக்கர்மார் நிர்வாகம் பார்ப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள், அதோடு ஊர் மரண உதவிச் சங்கத்தையும் சந்தை வியாபாரிகள் சங்கத்தையும் ஒன்றாகச் சேருங்கள், கிட்டத்தட்ட அதுதான் கில்ட். ஒரு வித்தியாசம், நம்முடைய குடி தாய் வழியாக வருவது, கில்ட்டில் பணம் கட்டிச் சேர வேண்டும். அவர்கள் கூடவும் விருந்து வைக்கவும் கட்டியதே கில்ட்ஹோல்.

1547இல் ஆறாம் எட்வர்ட் காலத்துச் சட்டம் ஒன்று இந்தச் சமயச் சங்கங்களைக் கலைத்துச் சொத்துகளை அரசுக்கு எடுத்தது. மண்டபங்கள் பலவும் மெல்ல மெல்ல ஊர் நிர்வாகத்தின் கைக்கு வந்தன. பூசைச் சங்கம் இருந்த இடத்தில் மேயர் உட்கார்ந்தார், நீதிமன்றம் நடந்தது, கீழே கள்வர்களை அடைத்தார்கள். பிறகு புதிதாகக் கட்டிய ஊர் மண்டபங்களுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஆகவே கில்ட்ஹோல் என்ற பெயரைக் கண்டவுடன் எல்லாமே 600 வருடப் பழமை என்று நினைக்க வேண்டாம், வாசலில் நிற்கும்போதே இது கில்ட் கட்டியதா, பிறகு ஊர் கட்டியதா என்று கேளுங்கள்.

எந்த ஊருக்குப் போவது? ஒன்றே ஒன்று என்றால் நோர்ஃபோக்கில் இருக்கும் கிங்ஸ் லின். லண்டன் கிங்ஸ் குரோஸ் நிலையத்திலிருந்து நேரே ரயில் இருக்கிறது, இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அங்கே இரண்டு கில்ட்ஹோல்கள். புனித ஜோர்ஜ் கில்ட் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது ஒன்று, இங்கிலாந்தில் முழுமையாக மிஞ்சியிருக்கும் இடைக்கால கில்ட்ஹோல்களில் ஆகப் பெரியது அதுதான். மற்றது திரித்துவ கில்ட்டின் மண்டபம், பழையது 1421இல் எரிந்துபோக, அடுத்த வருடமே திரும்பக் கட்டத் தொடங்கியது. அதன் முகப்பைப் பார்த்தால் சதுரங்கப் பலகை போல இருக்கும், கறுப்புச் சதுரம் சிக்கிமுக்கிக் கல், வெள்ளைச் சதுரம் வெட்டிய கல். 1895இல் பக்கத்தில் நகர மண்டபத்தைக் கட்டியவர்களும் அதே சதுரத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் நானூறு வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது என்பதைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் நம்பவே முடியாது.

கென்ட் பக்கம் பிள்ளைகள் இருந்தால் சாண்ட்விச் போங்கள், 1579இல் கட்டிய கில்ட்ஹோல், உள்ளே பழைய நீதிமன்ற அறையும் ஒரு அருங்காட்சியகமும் உண்டு. மன்னரையும் சட்டம் கட்டுப்படுத்தும் என்று எழுதிய மெக்னா கார்ட்டாவின் 1300ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று அந்த ஊருக்குச் சொந்தம், அதுவும் ஒரு பழைய ஒட்டுப் புத்தகத்துக்குள் கிடந்து 2015இல்தான் வெளியே தெரிய வந்தது. கச்சேரியில் பழைய கோப்புகளைக் கட்டி அடுக்கியவர்களுக்கு இந்தச் செய்தி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதே பக்கத்தில் ஃபேவர்ஷம், தெற்குக் கரையில் ரை, பூல், போர்ட்ஸ்மத், கிழக்கே சஃபோக்கில் ஓல்ட்பரா. ஓல்ட்பராவில் ரயில் இல்லை, சாக்ஸ்மண்டம் என்ற நிலையத்தில் இறங்கி பஸ் எடுக்க வேண்டும்.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். கட்டடம் அன்று திறந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டு, முடிந்தால் தொலைபேசியிலும் கேளுங்கள். பல கில்ட்ஹோல்களில் இன்றும் ஊர்ச் சபை கூடுகிறது, கல்யாணப் பதிவு நடக்கிறது, சில இடங்களில் திருத்த வேலை மாதக்கணக்காக ஓடும். நானும் மகளும் ஒரு ஊருக்கு இரண்டு ரயில் மாறிப் போய் இறங்கினால், வாசலில் பூ மாலையும் கார்களும், உள்ளே கல்யாணம். மழைக்குள் நின்று வெளிச்சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். செப்டெம்பரில் அங்கே நிற்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், மரபுரிமைத் திறந்த நாட்கள் என்று ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் வைப்பார்கள், மற்ற நாளில் பூட்டியிருக்கும் அறைகளைக்கூடக் காசில்லாமல் காட்டுவார்கள். 60 வயது தாண்டியவர்கள் சீனியர் ரயில் கார்ட் ஒன்றை எடுங்கள், கடவுச்சீட்டைக் காட்டி எடுக்கலாம், பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கிழமை நாட்களில் காலை நெரிசல் நேரம் கழிந்து ஏறினால் இன்னும் மலிவு.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. உடனே உள்ளே ஓடாதீர்கள். முதலில் கீழ்த்தளத்தைப் பாருங்கள், முக்கால்வாசிக் கதை அங்கேதான். தூண்களும் வளைவுகளுமாகத் திறந்திருக்கிறதா? அப்படியென்றால் கீழே சந்தை, மேலே சபை. ஃபேவர்ஷமில் 1574இல் சந்தைக்காக நட்ட மரத்தூண்கள் இன்னும் நிற்கின்றன, மேல்தளம்தான் 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. அந்தத் தூண்களுக்குக் கீழே இன்றைக்கும் சந்தை கூடும். ரையில் 1743ஆம் ஆண்டு மண்டபத்திலும் அதே அமைப்பு. பூலில் 1761இல் கட்டியதில் கீழே சந்தையை வைத்துவிட்டு, மேலே போவதற்கு வெளியிலேயே இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். அந்தப் படியில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். மீன் வாங்க வந்த சனத்துக்கு முன்னால் சபைக்காரர்கள் ஏறி இறங்க வேண்டியிருந்தது, யார் வருகிறார், யார் போகிறார் என்று ஊர் முழுக்கத் தெரியும். எனக்கு ஆகப் பிடித்த விஷயம் இதுதான். சந்தையின் வாடகையும் தீர்வையும்தான் மேலே இருந்த சபைக்கு வருமானம், நிறையில் களவு செய்தவனை விசாரித்ததும் அதே சபைதான், ஆகவே இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தார்கள்.

அப்புறம் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கிழக்கு இங்கிலாந்தில் நல்ல கட்டடக் கல் கிடைப்பது அருமை, அதனால் நிலத்தில் கிடைத்த சிக்கிமுக்கிக் கல்லையும் செங்கல்லையும் ஓக் மரத்தையும் வைத்துக் கட்டினார்கள். கல்குடாப் பக்கம் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும், கரையில் இருப்பவன் கையில் கிடைப்பதைத்தான் கட்டுவான். தூரத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த கல்லைக் கண்டால், அந்த வருடங்களில் ஊரில் காசு ஓடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாசலுக்கு மேலே இருக்கும் சின்னத்தையும் விட வேண்டாம். டோவர், சாண்ட்விச், ரை, ஹேஸ்டிங்ஸ் போன்ற ஊர்களில் முன்பாதி சிங்கமும் பின்பாதி கப்பலுமாக ஒரு உருவம் இருக்கும். மன்னருக்குக் கப்பல் கொடுத்து, பதிலுக்குத் தனி உரிமைகள் வாங்கிய துறைமுகக் கூட்டணியின் சின்னம் அது. நமக்குப் பாடும் மீன் எப்படியோ, அவர்களுக்கு அந்தச் சிங்கக் கப்பல், ஒருமுறை கண்ணில் பட்டால் குப்பைத் தொட்டியில்கூடக் கண்டுபிடிப்பீர்கள்.

உள்ளே போனதும் கூரையை அண்ணாந்து பாருங்கள், அதற்குப் பிறகு சுவரில் தொங்கும் மேயர் பட்டியலை வாசியுங்கள். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இருக்கும். 1835இல் வந்த மாநகராட்சிச் சட்டத்துக்கு முன் பல ஊர்களில் ஒரு சிறு கூட்டம் தனக்குள்ளேயே பதவியை மாற்றிக்கொண்டிருந்தது, அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் வரி கட்டுபவர்கள் சபையைத் தெரிவு செய்யும் முறை வந்தது, அப்போதும் எல்லோருக்கும் வாக்கு இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வெள்ளிச் செங்கோல்கள், கிண்ணங்கள் இருக்கும். கிங்ஸ் லின்னில் ஜோன் மன்னர் கிண்ணம் என்று ஒன்று காட்டுவார்கள், பொன் பூசிய வெள்ளியில் பச்சை நீல மினா வேலை, கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ஜோன் மன்னர் இறந்தது 1216இல், கிண்ணம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெயரைப் பார்த்து ஏமாறாமல் ஆண்டைப் பாருங்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சிறையறை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். லிங்கன்ஷயரில் பொஸ்டன் என்ற துறைமுக ஊரில் 1390களில் புனித மரியாள் கில்ட் கட்டிய மண்டபம், பிறகு ஊர்ச் சபையின் கைக்கு வந்தது. 1607இல் சமயக் காரணத்துக்காக நாட்டைவிட்டுக் கப்பலேற முயன்று பிடிபட்டவர்களை அங்கே கொண்டுவந்தார்கள், பின்னாளில் அமெரிக்கா போய்க் குடியேறியவர்களோடு சேர்ந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கரையில் இருந்து இரவோடு இரவாகப் படகேறியவர்களின் கதை நம் மண்ணில் எத்தனை வீட்டில் இருக்கிறது. அந்தச் சிறிய அறைகளுக்கு முன்னால் நான் கனநேரம் நின்றேன்.

அங்கே இருக்கும் தொண்டர்கள் அநேகமாக வயதானவர்கள், ஓய்வுபெற்றவர்கள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை, கேளுங்கள். கட்டிய ஆண்டு பலகையிலேயே இருக்கும், அதனால் அதை விட்டுவிட்டு, இந்த அறையில் உங்களுக்குப் பிடித்த பொருள் எது என்று கேட்டுப் பாருங்கள், பெட்டியைத் திறந்த மாதிரிக் கதை வரும்.

ஓல்ட்பராவுக்குப் போகலாம் என்றபோது மகள், “அப்பா, கடலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? கல்லடியில இல்லாத கடலா?” என்று கேட்டாள். அங்கே மூட் ஹோல் என்று 16ஆம் நூற்றாண்டு மரச்சட்டக் கட்டடம் ஒன்று, ஊர்ச் சபை இன்றும் அதில்தான் கூடுகிறது. கட்டியபோது ஊரின் நடுவில் இருந்தது. கடல் தெருத் தெருவாகத் தின்றுகொண்டு வந்து, இப்போது அது கரையோரம் நிற்கிறது. கடல் அரித்த ஒலுவில் கரையைப் பார்த்தவர்களுக்கும், 2004 டிசம்பர் 26ஐக் கண்டவர்களுக்கும் அந்த இடத்தில் நிற்பது லேசான காரியம் இல்லை. மகள் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போர்ட்ஸ்மத் போனால் பழமையைத் தேட வேண்டாம். 1890இல் நகர மண்டபமாகத் திறந்து, 1926இல் ஊர் மாநகரமானபோது கில்ட்ஹோல் என்று பெயர் மாறியது. 1941 ஜனவரி 10 இரவு குண்டு விழுந்து உள்ளே எல்லாம் எரிந்துபோக, வெளிச்சுவர் மட்டும் நின்றது. 1959இல் திரும்பத் திறந்தார்கள். தூண்களும் முன்படிகளும் பழையவை, உள்ளே போருக்குப் பிந்தியது, அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பியபின் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான், அவனைப் புளியந்தீவுக் கோட்டைக்குக் கூட்டிப்போய் அதே முறையில் பார்க்கச் சொன்னேன், கீழிருந்து மேலே. சுற்றிப் பார்த்துவிட்டு, “அம்மப்பா, இதில சந்தை எங்க இருந்தது?” என்று கேட்டான். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, மூலைக்கு மூலை கொத்தளம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த இடம். ஊர்ச்சனம் தங்களுக்காகக் கட்டியது இல்லை தம்பி, அதனால் சந்தை வெளியே என்று சொல்லி, அவனைச் சந்தைப் பக்கம் நடத்திக்கொண்டு போனேன்.