ஜெயிக்கவே மாட்டார்னு எல்லாரும் சொல்ற பிரைமரி கேண்டிடேட்டுக்கு வேலை செய்யறது எப்படி

அமெரிக்கா வந்து பதினஞ்சு வருஷம் ஆகி இப்பதான் சிட்டிசன்ஷிப் கைக்கு வந்திருக்கும், கட்சி தன் கேண்டிடேட்ட தேர்ந்தெடுக்க நடத்தற பிரைமரி தேர்தல்ல, டிபேட் மேடைல ஓரமா நிக்கற ஒருத்தர் பேசறது மனசுக்குப் புடிச்சுப் போயிருக்கும், சர்வேல பாத்தா அவருக்கு 2 சதவீதம். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா "டெபாசிட் கூட வாங்க மாட்டார்டா"ன்னு சிரிப்பாங்க (இங்க டெபாசிட்டே கிடையாது, அது வேற விஷயம்). இப்படி ஒருத்தருக்காக நான் நியூஜெர்சிலேந்து நியூ ஹாம்ப்ஷயர் வரைக்கும் போய் பனில கதவு தட்டியிருக்கேன், யாருன்னு மட்டும் கேக்காதீங்க, பேர சொன்னா பாதி பேர் இதோட படிக்கறத நிறுத்திடுவீங்க.

மொத வேலை ஓட்டர் ரிஜிஸ்ட்ரேஷன். போஸ்டர் போடறது, மீம் போடறதெல்லாம் அப்புறம். ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு ரூல், சில எடத்துல அந்தக் கட்சில பேர் இருந்தாதான் பிரைமரில ஓட்டு. 2016ல நியூயார்க் பிரைமரி ஏப்ரல் 19, ஆனா ஏற்கனவே ரிஜிஸ்டர் பண்ணவங்க கட்சி மாத்திக்க கடைசி நாள் என்ன தெரியுமா, 2015 அக்டோபர் 9! ஆறு மாசத்துக்கு மேல முன்னாடி. இத கவனிக்காம டிரம்ப்போட சொந்தப் புள்ளைங்க இவாங்காவும் எரிக்கும் அப்பாவுக்கே ஓட்டு போட முடியாம போச்சு. அப்புறம் அந்தச் சட்டத்த மாத்திட்டாங்க, ஆனா சொந்தப் புள்ளைங்களுக்கே இந்தக் கதின்னா உங்க பக்கத்து வீட்டுக்காரர் என்ன பண்ணுவார். ஜெயிக்க மாட்டார்ங்கற இந்த மாதிரி அண்டர்டாக்குக்கு ஓட்டுப் போடறவங்க பெரும்பாலும் கட்சி சாராதவங்க, புதுசா ஓட்டு போடறவங்கதான், அதனால இந்த டேட்ட தெரிஞ்ச பத்து பேருக்கு ஞாபகப்படுத்தினாலே பெரிய உபகாரம். நியூ ஹாம்ப்ஷயர்ல இந்தத் தொல்லை இல்ல, கட்சி சாராதவங்க அன்னிக்கு எந்தக் கட்சி சீட்டு வேணும்னு கேட்டு வாங்கிக்கலாம், சின்ன கேண்டிடேட் எல்லாரும் அங்கயே கூடாரம் அடிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

விசால இருக்கறவங்க இத நல்லா படிச்சுக்கோங்க. கிரீன் கார்டு இருந்தா டொனேஷன் குடுக்கலாம், ஓட்டு போடக் கூடாது, டிஎம்வில லைசென்ஸ் எடுக்கப் போனப்ப நீட்டற வோட்டர் ஃபார்ம்ல தெரியாம கையெழுத்து போட்டா கூட பின்னாடி பெரிய வம்பு. எச்1பில இருக்கறவங்க சம்பளம் இல்லாம வாலன்டியர் வேலை பாக்கலாம், ஆனா ஒரு டாலர் கூட குடுக்கக் கூடாது. கேம்பெய்ன்ல விக்கற டிஷர்ட், தொப்பி வாங்கினாலும் அது டொனேஷன் கணக்குதான், ஆசைப்பட்டு ஆர்டர் பண்ணிடாதீங்க.

காசு விஷயம். பெரிய தொகை குடுத்தாதான் உபயோகம்னு நெனைக்காதீங்க, ஒரு டாலருக்கும் மதிப்பு இருக்கு, ஏன்னா டிபேட் மேடைல ஏற எத்தன பேர் காசு குடுத்தாங்கன்னு தலை எண்ணுவாங்க. 2019ல டெமாக்ரட் டிபேட்டுக்கு 65 ஆயிரம் பேர், இல்லன்னா சர்வேல 1 சதவீதம். 2023ல ரிபப்ளிகன் மொத டிபேட்டுக்கு 40 ஆயிரம் பேர், அதோட சர்வே நம்பரும் வேணும். அதுக்காக டக் பர்கம்னு ஒரு கவர்னர் என்ன பண்ணார்னா, ஒரு டாலர் குடுங்க நான் 20 டாலர் கிஃப்ட் கார்டு தரேன்னு அறிவிச்சார், மேடையும் ஏறிட்டார். நம்ம ஊர் கவர் சிஸ்டம்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லன்னு தோணுச்சு. மொத்தமா ஒரே தடவ குடுக்கறத விட மாசாமாசம் பத்து, பதினஞ்சு டாலர் குடுங்க, அவங்களுக்கு அடுத்த மாச வாடகைக்கு கணக்கு போட முடியும். 200 டாலரத் தாண்டினா உங்க பேர், வேலை பாக்கற கம்பெனி எல்லாம் பப்ளிக் ரெக்கார்டுல வந்துடும், ஆஃபீஸ்ல யாராச்சும் தேடிப் பாப்பாங்கன்னு பயந்தா அதுக்குள்ளயே நிறுத்திக்கோங்க.

பொங்கல் விழால மைக் புடிச்சு ஓட்டு கேக்கலாம்னு சில பேருக்கு ஐடியா வரும், வேண்டாம். கோவில், தமிழ்ச் சங்கம் எல்லாம் பெரும்பாலும் வரிவிலக்கு வாங்கின அமைப்பு, தேர்தல்ல ஒரு கேண்டிடேட் பக்கம் நிக்கறதுக்கு சட்டம் விடாது, சங்கத்துக்குதான் தலைவலி. அதுக்கு பதிலா உங்க வீட்டுக்கே இருவது பேர கூப்பிடுங்க, இட்லி சாம்பார் போடுங்க, வீட்ல வெச்சு பண்ற சாப்பாட்டுச் செலவு 1,000 டாலர் வரைக்கும் டொனேஷன் கணக்குல வராது.

கையெழுத்து வாங்கற வேலைக்கு யாருமே வர மாட்டாங்க, அதனாலயே நீங்க போங்க. பேலட்ல, அதாவது ஓட்டுச் சீட்டுல, பேர் வரவே பல ஸ்டேட்ல கையெழுத்து வேணும். 2012 வர்ஜீனியா ரிபப்ளிகன் பிரைமரிக்கு 10 ஆயிரம் கையெழுத்து, அதுல ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதிலேந்தும் 400 பேர். முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச் அந்த ஸ்டேட்லயே குடியிருந்தவர், அவர் பேரே பேலட்ல வரல, கடைசில பேலட்ல இருந்தது ராம்னி, ரான் பால்னு ரெண்டு கேண்டிடேட் மட்டும்தான். அவ்ளோ பெரிய தலைக்கே இப்படின்னா உங்க 2 சதவீதக்காரருக்கு யார் இருக்கா? எழுத்து புரியல, அட்ரஸ் பொருந்தல, ரிஜிஸ்டர் பண்ணலன்னு நிறைய அடிபடும், தேவையான கணக்க விட பாதிக்குப் பாதி கூடவே வாங்கி வையுங்க.

இப்ப கதவு தட்டற கதை. எங்க ஊர் பிரைமரி ஜூன்ல, அதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிருக்கும், அதான் ஆரம்பத்துலயே பிரைமரி நடக்கற நியூ ஹாம்ப்ஷயர்ல நாஷுவா ஊர் பக்கம் போனேன். ஜனவரி குளிர்ல ஃபோன் சார்ஜ் 60 சதவீதத்துலேந்து பட்டுனு செத்துப் போகும், பவர் பேங்க கோட்டுக்கு உள்பாக்கெட்ல வெச்சுக்கோங்க, லிஸ்ட ஒரு பேப்பர்லயும் பிரிண்ட் எடுத்துக்கோங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணுலேந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும், ஒண்ணுன்னா நம்ம ஆளு, ரெண்டுன்னா நம்ம பக்கம் சாயறவர், அஞ்சுன்னா எதிர்ப்பு. நம்மாளுங்க இரக்கப்பட்டு எல்லாருக்கும் ரெண்டு போட்டுடுவாங்க, அப்படி போட்டா ஓட்டு நாள்ல எதிராளி ஓட்டர நாமே எழுப்பி அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடும். ஆள் இல்லன்னா நோட்டீஸ கதவு இடுக்குல செருகுங்க, மெயில்பாக்ஸ்ல ஸ்டாம்ப் இல்லாம போடறது ஃபெடரல் சட்டப்படி தப்பு.

ஒரு பெரியவர் டிரைவ்வேல பனி தள்ளிட்டு இருந்தார், நான் போய் மனப்பாடம் பண்ண ஸ்பீச்ச ஆரம்பிச்சேன், அவர் ஷவல ஊனி நின்னு "மொதல்ல நான் என்ன நெனைக்கறேன்னு கேளு"ன்னார். கேட்டேன், ஹீட்டிங் ஆயில் பில்ல பத்தி கால் மணி நேரம் பேசினார், நான் "ம்" மட்டும்தான் கொட்டினேன். கடைசில ஓட்டு வேற ஒருத்தருக்குன்னு சொல்லிட்டார், ஆனா செகண்ட் சாய்ஸ் யாருன்னு கேட்டேன் பாருங்க, அப்ப நம்ம ஆளு பேர சொன்னார். அவருக்கு நாலு போட்டுட்டு பக்கத்துல குறிப்பு எழுதினேன். அவர் ஆளு நடுவுல விலகினா மொத ஃபோன் இவருக்குதான்.

வெளியூர்க்காரன்னு மறைக்காதீங்க, நம்பர் பிளேட்டே காட்டிக் குடுத்துடும். 2004ல டெமாக்ரட் பிரைமரில நின்ன ஹாவர்ட் டீனுக்காக அயோவாவுக்கு நாடு பூரா இருந்து ஆயிரக்கணக்குல ஆரஞ்சு தொப்பி போட்டுட்டு வந்து எறங்கினாங்க, அவர் வந்தது மூணாவது எடம். 1976ல ஜார்ஜியாவோட முன்னாள் கவர்னர் ஜிம்மி கார்ட்டருக்காக ஜார்ஜியாக்காரங்க இதே நியூ ஹாம்ப்ஷயர் குளிர்ல கதவு தட்டினாங்க, அவங்க "எங்க ஊர்க்காரர், எங்களுக்குத் தெரிஞ்சவர்"னு பேசினாங்க, அது எடுபட்டுச்சு. 1968ல ஜனாதிபதி ஜான்சன எதிர்த்து அவர் கட்சிலயே நின்ன செனட்டர் மெக்கார்த்திக்கு வந்த காலேஜ் பசங்க தாடிய வழிச்சு முடிய வெட்டிட்டு போனாங்க. அவர் அங்க தோத்தார்தான், 42 சதவீதம், ஆனா பதவில இருக்கற ஜான்சன் 49தான் வாங்கினார்ங்கறதே பெரிய செய்தியாச்சு, அந்த மாசமே ஜான்சன் போட்டிலேந்து ஒதுங்கிட்டார். அதனால "நாங்கதான் ஜெயிப்போம்"னு வாய் விடாதீங்க, எதிர்பார்ப்பு கம்மியா இருந்தாதான் ரெண்டாவது எடமே வெற்றி மாதிரி தெரியும்.

எங்க வேலை பாக்கறதுன்னும் யோசிங்க. கட்சி மாநாட்டுல கேண்டிடேட்ட தேர்ந்தெடுக்கற பிரதிநிதிங்கதான் டெலிகேட், டெமாக்ரட் பக்கம் 15 சதவீதம் வராட்டி அது சைபர், 6ல இருக்கற எடத்துல உசுர விடறத விட 13ல இருக்கற எடத்துல நாலு தெரு கூட நடங்க. 2008 பிப்ரவரி 5, ஐடஹோ ஸ்டேட்ல காக்கஸ், அதாவது கூட்டம் கூடி ஓட்டு போடற முறை, அதுக்கு மொத்தமே 21 ஆயிரம் பேர் சுமாருக்குதான் வந்தாங்க, ஒபாமாவுக்கு அங்க 12 டெலிகேட் லாபம். அதே நாள் பத்து லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்த நியூஜெர்சில ஹிலாரிக்கு லாபம் 11தான்.

தபால் ஓட்ட வந்த அன்னிக்கே போட்டு அனுப்பாதீங்க. 2020ல, நிறைய ஸ்டேட் ஒரே நாள்ல ஓட்டு போடற சூப்பர் டியூஸ்டேக்கு முந்தின ரெண்டு நாள்ல டெமாக்ரட் கேண்டிடேட்டுங்க பூட்டஜெஜும் குளோபுஷாரும் விலகிட்டாங்க, முன்கூட்டியே போட்டவங்க ஓட்டெல்லாம் வீண். விவேக் ராமசாமி, தமிழ் பேசற பாலக்காட்டுக் குடும்பம், 2024 அயோவால நாலாவது வந்த ராத்திரியே விலகிட்டார். உங்க ஆளும் அப்படி திடீர்னு நிறுத்தலாம், அன்னிக்கே முன்னாடி புல்வெளில நட்ட போர்ட எடுத்துடுங்க, மாசாமாசம் போற டொனேஷன் நின்னுச்சான்னு பாருங்க. நான் மறந்துட்டேன், அவர் போட்டிலேந்து விலகி ரெண்டு மாசம் ஆகியும் 15 டாலர் போயிட்டே இருந்துச்சு, கார்டு ஸ்டேட்மென்ட்ல கண்டுபுடிச்சு என் வீட்டுக்காரம்மா கேட்டாங்க, "தோத்தவருக்கு இன்னும் எதுக்குங்க மொய் எழுதறீங்க"ன்னு.