லாரியின் கோளாறைக் கண், காது, மூக்கு, கையால் கண்டுபிடிப்பது எப்படி?

டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியாமலே என் லாரி ஒரு ராத்திரி நடுவழியில் நின்றுபோனது. பின்பக்க இடது சக்கரம் பிரேக் பிடித்தபடியே ஓடி, பிரேக் லைனர் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) கருகியிருந்தது. காலையிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டிய கோளாறு அது. புதிதாக லாரி எடுப்பவர்களுக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆயில், கூலன்ட் அளவு பார்ப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன்.

1. முதலில் கண்

இரவு வண்டியை நிறுத்தியதும் இன்ஜினுக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் கறுப்புச் சொட்டு இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். ரோஸ் நிறக் கூலன்டும் சிவப்பு ஸ்டியரிங் ஆயிலும் குழப்பும். சொட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஆயில் கலக்காமல் மிதக்கும்.

வீல் நட்டின் அடியிலிருந்து துருக் கோடு வழிந்திருந்தால் அது லூசாகியிருக்கலாம். சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் தெறித்திருந்தால் ஹப் சீலை (சக்கரத்தின் நடுவில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) பாருங்கள். அந்த எண்ணெய் லைனரில் இறங்கினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

2. காது: நான் தவறிய இடம்

இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்குக்கான ஏர் டேங்கில் முழுதாக ஏறியதும் அணைத்துவிடுங்கள். நான் ஹேண்ட் பிரேக் போட்டபடியே வண்டியைச் சுற்றி நடந்து கேட்பேன். சத்தமே இருக்காது. சரி என்று கிளம்பிவிடுவேன்.

தப்பு அங்கேதான். பின்சக்கரத்தில் பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைப்பது சேம்பருக்குள் (பிரேக்கை இயக்கும் காற்று டப்பா) இருக்கும் கனமான ஸ்பிரிங். காற்று வந்து அந்த ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் பிரேக் விடும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போது, அந்தக் காற்றைக் கொண்டுவரும் ஹோஸில் காற்றே இருக்காது. அதில் விரிசல் இருந்தாலும் சத்தம் எப்படி வரும்? ஓடும்போது காற்று கசிந்து, ஸ்பிரிங்கை முழுதாக அமுக்க முடியாமல், பிரேக் அரைகுறையாகப் பிடித்திருக்கிறது.

அதனால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அப்புறம் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுக் கேளுங்கள். எடுத்ததும் ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் கசிவு பார்க்கிங் பக்கம். பெடலை மிதிக்கும்போது மட்டும் கேட்டால் ஃபுட் பிரேக் பக்கம். வண்டிக்கு அடியில் மட்டும் போகாதீர்கள்.

இடம் பிடிபடவில்லையென்றால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழ் விடும். ஸ்பிரே டப்பாவைவிடப் பழைய பெயின்ட் பிரஷ்தான் எனக்குப் பிடிக்கும். மூட்டின் பின்புறத்தையும் எட்டும். கசிவு சேம்பரிலேயே இருந்தால் அதை நீங்கள் கழற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

டயரைத் தட்டிப் பார்ப்பதும் நல்லதுதான். காற்றே இல்லாத டயர் மொத்தென்று சத்தம் போடும். ஆனால் காற்று கொஞ்சம் குறைந்திருப்பது தட்டினால் தெரியாது, கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

3. புகை

கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப் புகை சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் மெக்கானிக்கிடம் போங்கள்.

4. மூக்கு

இனிப்பான வாடை கூலன்ட் கசிவு. அழுகிய முட்டை வாடை வந்தால் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது. பக்கத்தில் தீப்பொறி கூடாது.

கருகல் வாடையில்தான் நான் ஏமாந்தேன். ஓடும்போது காற்று அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போய்விடும். நிறுத்திக் கண்ணாடியை இறக்கியதும்தான் தெரிந்தது, அதையும் கிளட்ச் என்று நினைத்துவிட்டேன். லோடோடு மேட்டில் எடுத்தாலோ, ரிவர்ஸில் இழுத்தாலோ கிளட்ச் கருகலாம். அப்படி எதுவும் செய்யாமல், சமமான ரோட்டில் ஓட்டி வந்து நிறுத்தும்போது கருகல் அடித்தால் முதலில் சக்கரங்களைப் பாருங்கள்.

5. கை

புறங்கையை ஹப்புக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள், தொடாதீர்கள். ஒரே ஆக்ஸிலின் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் போயிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பிரேக் வேலை செய்யவில்லை. இறக்கத்தில் இறங்கிய உடனே பார்த்தால் எல்லாமே கொதிக்கும், அப்போது ஒப்பிட்டுப் பயனில்லை.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பளபளக்கும் உலோகத்தில் அது குறைவாகக் காட்டும், அதனால் துருவேறிய டிரம்மைக் குறிபாருங்கள்.

டீசல் பைப்பில் கசிவைக் கையால் தேடவே தேடாதீர்கள். இன்ஜெக்டர் பைப்பில் 1,000 பாருக்கு (bar, அழுத்த அலகு) மேல் அழுத்தம் இருக்கலாம். டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அட்டையை நீட்டிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: தனியாக இருப்பவர் பெடலை மிதித்தபடி வெளியே எப்படிக் கேட்பது என்று சிலர் கேட்டிருந்தார்கள். சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே அளவாக வெட்டிய கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். அதற்கு முன் சீட்டில் உட்கார்ந்தபடியே ஏர் மீட்டரையும் ஒரு நிமிடம் பாருங்கள். மிதித்ததும் முள் கொஞ்சம் இறங்கும், அது சரி. அதன் பிறகு நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால், டிரெய்லர் இல்லாத என் வண்டியை நான் எடுப்பதில்லை.