டிரோன் பறக்கவிடும் முன் ஒரு குட்டைத் தண்ணீரைத் தேடுங்கள்

சென்ற ஆண்டு நான் எடுத்த கடலோரப் படங்களில் வானத்தின் ஒரு மூலை மட்டும் மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. அதே நாள் எடுத்த காணொளி இன்னும் மோசம். மரங்கள் காற்றில் ஆடவில்லை, வெட்டி வெட்டி நகர்ந்தன. பழியை டிரோன் மேல் போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. படத்தைக் கெடுத்தது நான் மாட்டிய ஃபில்டர். காணொளியைக் கெடுத்தது நான் மாட்டாமல் விட்ட ஃபில்டர். இரண்டு மாதம் தடுமாறிய பிறகு பிடிபட்டதை இங்கே எழுதிவைக்கிறேன். ஏறவும் இறங்கவும் திரும்பவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது டிஜேஐ மினி 4 புரோ. எடை 249 கிராமுக்குள். லென்ஸின் துளை எஃப் 1.7, அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

முதலில் தராசு, பிறகு வரைபடம்

சிங்கப்பூரில் மொத்த எடை 250 கிராமைத் தாண்டும் ஆளில்லா வானூர்தியைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். 2025 டிசம்பர் 1 முதல் அப்படிப்பட்டவற்றை வெளியில் பறக்கவிட ரிமோட் ஐடி வசதியும், அதாவது பறக்கும்போதே தன் அடையாளத்தை ஒலிபரப்பும் வசதியும், கட்டாயம். "என்னுடையது 249 கிராம், கவலையில்லை" என்று நானும் சொல்லித் திரிந்தவன்தான். ஆனால் விதியில் இருக்கும் சொல் 'மொத்த எடை'. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடைக்கு மேல் ஃபில்டர், மினுக்கும் விளக்கு, விசிறிக் காப்பு என்று நாம் சேர்ப்பதெல்லாம் கணக்கில் வரும். இந்த மாடலுக்கான பெரிய பேட்டரியைப் போட்டால் எடை 290 கிராமை நெருங்கிவிடும். வீட்டில் அதிரசத்துக்கு வெல்லம் நிறுக்கும் தராசில் எல்லாவற்றையும் மாட்டி ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது உயரம். அனுமதி இல்லாமல் 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் வரைதான் போகலாம். அந்த 200 அடி கடல் மட்டத்திலிருந்து கணக்கு. திரை காட்டும் உயரமோ டிரோன் கிளம்பிய இடத்திலிருந்து. மவுண்ட் ஃபேபர் சுமார் 100 மீட்டர் உயரம். அதன் உச்சியில் டிரோனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தாலே நீங்கள் வரம்புக்கு மேலே நிற்கிறீர்கள். செயலியில் உச்ச உயரம் 120 மீட்டர் என்று இருக்கும், அதைக் குறைத்துவிடுங்கள். தானாக வீடு திரும்பும் உயரத்தையும் பாருங்கள். சிக்னல் அறுந்தால் டிரோன் அந்த உயரத்துக்கு ஏறித் திரும்பக்கூடும்.

சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று இந்தச் சிறிய தீவில் விமானத் தளங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. மனக்கணக்குப் போடாமல் ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். வரைபடம் சரியென்றாலும் அந்த இடத்தைப் பராமரிப்பவர்களின் விதி வேறாக இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்டி ஃபில்டர்: ஒரு வகுத்தல் கணக்கு

என்டி ஃபில்டர் என்பது லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி. புகைப்படம் மட்டும் எடுப்பவருக்கு அது தேவையே இல்லை என்பது என் கட்சி. அலையைப் பஞ்சாக்கிக் காட்ட ஆசைப்பட்டால் மட்டும் வாங்குங்கள். காணொளிக்கு நிலைமை வேறு. நொடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்) என்றால் ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடி (1/50) திறந்திருக்க வேண்டும், அதாவது ஒரு சட்டத்துக்கு உரிய நேரத்தில் பாதி. அப்போதுதான் ஆடும் கிளையில் லேசான இழுவை விழும். கண்ணுக்கு அது இயல்பாகத் தெரியும். வெயிலில் கேமரா ஷட்டரைப் பல ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் குறுக்கிவிடும். துளையை மாற்ற வழியில்லாததால் கேமராவுக்குக் குளிர்கண்ணாடி போடுவதுதான் ஒரே வழி.

எந்த எண் ஃபில்டர் என்பதில் நான் பட்டியல் பட்டியலாகப் படித்துக் குழம்பினேன். கடைசியில் விஷயம் ஒரு வரிதான். ஐஎஸ்ஓவை (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனை) 100இல் நிறுத்துங்கள், ஷட்டரைத் தானியங்கியில் விடுங்கள், திரையில் வரும் எண்ணை 50ஆல் வகுத்துவிடுங்கள். 3200இல் ஒரு நொடி என்று காட்டினால் விடை 64. என்டி 64 மாட்டுங்கள். 800 என்றால் என்டி 16.

இந்த எண்ணை மேலே போய்ப் பார்க்க வேண்டும். நான் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றுகொண்டு அளந்தேன். நிழலில் கிடைத்த எண்ணை நம்பி மாட்டினால் திறந்த வெளியில் படம் வெளுத்துப்போகிறது. ஃபில்டர் இல்லாமல் அரை நிமிடம் ஏற்றி, படமெடுக்கப்போகும் பக்கம் திருப்பி, எண்ணைப் பார்த்துவிட்டு இறக்குங்கள். பேட்டரி கொஞ்சம் போகும், போகட்டும்.

உச்சி வெயிலில் எஃப் 1.7 லென்ஸ் 8000ஐத் தொடும். வகுத்தால் 160 வரும், அப்படியொரு ஃபில்டர் கடையில் இல்லை. நான் என்டி 64ஐயே வைத்துக்கொள்கிறேன். ஷட்டர் 125இல் ஒரு நொடியாகும், யாருக்கும் கண்ணில் உறுத்தாது. இங்கே மேகம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மனம் மாறும். அடர்ந்த ஃபில்டரை மாட்டி ஐஎஸ்ஓவை ஏற்றிப் புள்ளி புள்ளியாக எடுப்பதைவிட இது மேல்.

ஆறு ஃபில்டர் கொண்ட பெட்டி வாங்கினேன். மூன்று இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை. என்டி 16, என்டி 64, தண்ணீரின் மினுக்கை விலக்கும் ஒரு போலரைசர் போதும். என்டியும் போலரைசரும் ஒன்றாக ஒட்டி விற்பதை வாங்காதீர்கள், இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் தேவைப்படும் நாள் அரிது. எந்த நிறுவனமானாலும் உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். கிராம் கணக்கில் எடை கூடினாலும் கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் பகுதி) மோட்டார் முனகும்.

மாட்டும்போது டிரோன் அணைந்திருக்க வேண்டும். கேமராவைப் பின்பக்கம் இரண்டு விரலால் தாங்கி, முன்வளையத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்டரைப் பொருத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டிய அன்று கிம்பல் வெட்டி இழுத்து எச்சரிக்கை காட்டியது. அணைத்துப் போட்டதும் சரியானது என் நல்ல நேரம்.

போலரைசர்: நான் விழுந்த குழி

தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைவாட்டில் அதிர்கிறது. போலரைசரைச் சரியான கோணத்துக்குத் திருப்பினால் அந்த ஒளி தடைபட்டு, மினுக்கு விலகி, அடியில் இருப்பது தெரியும். கையில் பிடிக்கும் கேமராவில் பார்த்துக்கொண்டே திருப்பலாம். டிரோன் மேலே போன பிறகு யார் திருப்புவது?

நான் தரையில் நின்று, நீல வானம் நன்றாகக் கறுக்கும்வரை வளையத்தைத் திருப்பிவிட்டுப் பறக்கவிட்டேன். அந்தப் பக்கம் பார்த்தவரை எல்லாம் அழகு. டிரோனைத் திருப்பியதும் தொலைந்தது. சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானம்தான் அதிகம் கறுக்கும். அகன்ற லென்ஸ் அந்தப் பட்டையையும் அதற்கு வெளியே உள்ளதையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு மூலை இருண்டு மறு மூலை வெளுத்துக் கிடக்கும். தொடக்கத்தில் சொன்ன மை கொட்டிய மூலை இதுதான்.

விடை எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் கிடைத்தது. மழை விட்ட சாயங்காலம், தரையில் குட்டையாகத் தண்ணீர். ஃபில்டரைக் கண்ணருகே பிடித்து அதன் வழியே குட்டையைப் பார்த்தபடி திருப்பினேன். பத்து நிமிடம் திருப்பியும் ஒன்றும் நடக்கவில்லை. போலி ஃபில்டர் என்றே முடிவுகட்டிவிட்டேன். பிறகுதான் பின்னும் முன்னும் மாற்றிப் பிடித்திருந்தது புரிந்தது. இந்த வகை ஃபில்டருக்கு முகம் உண்டு: கேமரா பக்கம் இருக்க வேண்டிய முகம் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும், வெளிமுகம் தண்ணீரை. மாற்றிப் பிடித்துக் கால்வட்டம் திருப்பியதும் மினுக்கு மறைந்து, அடியில் கிடந்த இலையும் ஒரு பேருந்து டிக்கெட்டும் தெரிந்தன.

அந்த நிலையில் வளையத்தின் உச்சியில் வெள்ளைத் திருத்த மையால் ஒரு புள்ளி வைத்தேன். இப்போது புள்ளி மேலே இருக்கும்படி டிரோனில் மாட்டுகிறேன், அவ்வளவுதான். தண்ணீர் எந்தத் திசையில் இருந்தாலும் கிடைமட்டம்தான், கிம்பலும் கேமராவைச் சாயவிடாது. ஆகவே டிரோன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் புள்ளி பொய்க்காது. வானத்துக்கு இந்தச் சலுகை இல்லை. போலரைசர் மாட்டிய நாளில் நான் வானத்தைச் சட்டத்துக்குள் விடுவதே கிடையாது.

கேமராவை 35 முதல் 40 டிகிரி வரை கீழே சாய்த்தால் பலன் முழுதாகக் கிடைக்கும். நேர்க்கீழே பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மழைக்குப் பிறகு நனைந்த மரங்களை இதே சாய்வில் எடுத்துப் பாருங்கள். இலையின் பளபளப்பு போய்ப் பச்சை எப்படி ஆழ்கிறது என்று தெரியும்.

பனிமூட்டம்

குளிரூட்டிய அறையிலிருந்து நேராகக் கீழே வந்து கிளப்பாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று உடனே படியும். ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே படிந்தால் துடைக்கவும் முடியாது. பையைத் திறந்து, ஃபில்டரைத் தனியே எடுத்து, தாழ்வாரத்தில் இருபது, முப்பது நிமிடம் வையுங்கள். ஒரு தே குடித்துவிட்டு வரலாம்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டவை சில. ஒருவருடைய ஃபில்டரில் 16, 64 என்றில்லாமல் 1.2, 1.8 என்று அச்சிட்டிருந்ததாம். ஒவ்வொரு 0.3க்கும் ஒளி பாதியாகும், 1.2 என்பது என்டி 16, 1.8 என்பது என்டி 64.

அந்தி நேரக் காணொளியில் விளக்குகள் துடிப்பதாக இன்னொருவர் எழுதினார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 30 சட்டம், 60இல் ஒரு நொடி என்று வைத்திருந்தால் துடிக்கத்தான் செய்யும். 25க்கும் 50க்கும் மாற்றுங்கள்.

மூன்றாமவருக்குப் போலரைசர் மாட்டியதும் கைப்பேசித் திரையே இருண்டுவிட்டதாம். ஃபில்டரை மாற்றினார், கேபிளை மாற்றினார், செயலியை அழித்து மீண்டும் ஏற்றினார். விசாரித்ததில் அவர் போட்டிருந்த வெயில் கண்ணாடியும் போலரைசர் வகை என்று தெரிந்தது. கழற்றச் சொன்னேன்.