தரைக்கு கான்கிரீட் எவ்வளவு வாங்குவது? கூட்டினால் வராத கணக்கு

போன வருடம் வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குத் தரை போட்டோம். 10 அடி அகலம், 12 அடி நீளம், 4 அங்குலக் கனம். கணக்கு நானே போட்டு, சாமான் எல்லாம் நானே சொல்லி இறக்கினேன். மதியம் சாப்பிடும்போது மேஸ்திரி வந்து, "தம்பி, கலவை தீந்துபோச்சு, இன்னும் நாலடி கிடக்கு" என்றார். அன்றைக்கு வேறு லோடு கிடைக்கவில்லை. மிச்சத்தை மறுநாள்தான் போட்டோம். பழையதும் புதியதும் சேர்ந்த இடம் இன்றைக்கும் கோடாகத் தெரிகிறது, முதல் விரிசலும் அங்கேதான் விட்டது.

அதற்கப்புறம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கலவை போடுவது, மட்டம் பார்ப்பது, தண்ணீர் கட்டுவதெல்லாம் உங்கள் மேஸ்திரிக்குத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

1. குழியை அளப்பது

நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 4 அங்குலத்தை 0.4 அடி என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது 0.33. என் தரைக்கு 40 கன அடி வந்தது. கனத்தை ஐந்தாறு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள், ஏனென்றால் இந்த அளவுத் தரையில் பள்ளம் அரை அங்குலம் கூடினாலே 5 கன அடி விழுங்கிவிடும். சாதாரண டேப்பும் ஒரு நூலும் போதும். இதற்குப் போய் லேசர் மீட்டர் வாங்குவது வெட்டிச் செலவு என்பது என் அபிப்பிராயம்.

2. நான் சறுக்கிய இடம்

கலவை 1:2:4, அதாவது சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, முக்கால் ஜல்லி (முக்கால் அங்குலக் கல்) நான்கு. மொத்தம் 7 பங்கு. நான் 40-ஐ 7-ஆல் வகுத்து, சிமெண்ட் 5.7 கன அடி, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 11.4, ஜல்லி 23 என்று வாங்கினேன். கூட்டிப் பார்த்தால் 40 வருகிறது, பள்ளிக்கூடக் கணக்குப்படி பிழையே இல்லை. ஆனால் கலந்து கொட்டியதும் 26 கன அடி சுமாருக்குத்தான் வந்தது.

மீதி எங்கே போனது? ஒரு பக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 10 லிட்டர் பக்கெட் நிறைய முக்கால் ஜல்லியைப் போட்டு, தலை தட்டி, அளந்த தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். கிட்டத்தட்ட நாலரை லிட்டர் உள்ளே போகும். அப்படியென்றால் அந்த பக்கெட்டில் கல் என்று இருப்பது ஐந்தரை லிட்டர்தான், மற்றதெல்லாம் சந்து. அந்தச் சந்துக்குள் மணல் போய் உட்காரும், மணலின் சந்துக்குள் சிமெண்டும் தண்ணீரும் போகும். நாலு படி ஜல்லியோடு இரண்டு படி மணலைச் சேர்த்தால் ஆறு படி வராது. நான் வருமென்று நினைத்தேன்.

இதைப் பெரிய பெரிய ஆட்களே யோசித்திருக்கிறார்கள். ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடியும் என்று வானியல் அறிஞர் கெப்ளர் 1611-ல் கேட்டார். பழக்கடையில் ஆரஞ்சை அடுக்குகிறார்களே, அதுதான் சிறந்தது, அதற்கு மேல் முடியாது என்பது அவருடைய ஊகம். அந்த அடுக்கில்கூட 74 சதவீத இடம்தான் நிறையும். அவருடைய ஊகத்தைக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்தது 1998-ல். அடுக்காமல் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதத்தைத் தாண்டுவது கஷ்டம். அரிசியைக் குலுக்கி அளந்தால் படி இறங்குவதும் இதே சங்கதிதான். திரவத்திலேயே இது நடக்கிறது: 50 மில்லி தண்ணீரில் 50 மில்லி சுத்தமான எத்தில் ஆல்கஹால் சேர்த்தால் 96 மில்லி சுமாருக்குத்தான் வரும்.

சரி, தரைக்கு வருவோம்.

3. 1.54-ஆல் பெருக்குவது

கட்டடக்காரர்கள் குழியின் அளவை 1.54-ஆல் பெருக்கித்தான் சாமான் கணக்குப் போடுகிறார்கள். 40 × 1.54 = 61.6. இதை 7-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 8.8. ஆக சிமெண்ட் 8.8, மணல் 17.6, ஜல்லி 35.2 கன அடி.

இந்த 1.54 எனக்கு முதலில் வாய்ப்பாடு மாதிரிதான் பட்டது, நம்பிக்கை வரவில்லை. அதனால் சந்துகளையெல்லாம் கழித்துவிட்டுத் திருப்பிப் போட்டேன். ஜல்லியில் கல் மட்டும் 19.4. மணலில் நூற்றுக்கு நாற்பது சந்து என்று வைத்தால் மிச்சம் 10.6. சிமெண்ட் மூட்டைக்குள்ளும் பாதிக்கு மேல் காற்றுதான், அதைக் கழித்தால் 4. மூட்டைக்கு 25 லிட்டர் வீதம் தண்ணீர் 6.3. கூட்டுங்கள், 40 கன அடியும் சொச்சமும் வருகிறது. அப்போதுதான் மனசு ஆறியது.

50 கிலோ மூட்டை ஒன்று 35 லிட்டர், அதாவது 1.24 கன அடி. 8.8-க்கு ஏழு மூட்டையும் கொஞ்சமும் ஆகும். சேதாரம் 5 சதவீதம் சேர்த்து 8 மூட்டை வாங்கிவிடுங்கள்.

4. ஈர மணல் ஏமாற்றும்

மணல் லேசாக ஈரமாக இருந்தால் ஊதிப்போகும். பருக்கைகளைச் சுற்றி நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று தள்ளி வைப்பதால் 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாகத் தெரியும், பொடிமணலில் இன்னும் அதிகம். முழுக்கத் தண்ணீரில் மூழ்கினால் படலம் போய்விடும், மணல் காய்ந்த அளவுக்கே இறங்கிவிடும்.

சோதிப்பது சுலபம். கண்ணாடி ஜாடியில் ஈர மணலை 20 செ.மீ. உயரத்துக்கு, அழுத்தாமல் போடுங்கள். வெளியே கொட்டிவிட்டு, ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கிளறி, படிய விடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் 25 சதவீதம் ஊதியிருந்தது என்று அர்த்தம். அப்போது 17.6-க்கு சேதாரமும் சேர்த்து 23 கன அடி சொல்ல வேண்டும். லோடுக்காரர் யூனிட்டில் பேசுவார், 100 கன அடி ஒரு யூனிட். ஈர மணலில் தண்ணீரும் கலந்து வருவதால், கலக்கும்போது அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைக்கவும் மேஸ்திரியிடம் சொல்லுங்கள்.

5. சட்டி வேண்டாம், பெட்டி செய்யுங்கள்

சட்டியில் அள்ளினால் காலையில் கும்பலாகவும் சாயங்காலம் தலை தட்டியும் வரும், ஆளைப் பொறுத்து மாறும். 35 × 25 × 40 செ.மீ. உள்ளளவில் பலகைப் பெட்டி ஒன்று அடித்துவிட்டால் அது சரியாக 35 லிட்டர், ஒரு மூட்டை. மூட்டைக்கு மணல் இரண்டு பெட்டி (ஊதியிருந்தால் இரண்டரை), ஜல்லி நாலு பெட்டி. முடிந்தது.

கொட்டியபின் நன்றாகக் குத்தி இறுக்கச் சொல்லுங்கள். குழியை நிறைக்கக் கலவை கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும். ஆனால் உள்ளே 5 சதவீதம் காற்று தங்கினாலே கான்கிரீட்டின் பலம் 30 சதவீதம் வரை குறைந்துவிடும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர், மாடித் தளத்துக்கு ரெடிமிக்ஸ் சொல்லும்போதும் 1.54-ஆல் பெருக்கிவிட்டதாக எழுதியிருந்தார். பாதி லாரி மிஞ்சிவிட்டதாம். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: ரெடிமிக்ஸ் ஏற்கெனவே கலந்து சுருங்கிய சரக்கு, அதைக் குழியின் அளவுக்கே, கன மீட்டரில் கேட்க வேண்டும். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. சேதாரத்துக்கு 5 சதவீதம் போடுங்கள், அதோடு சரி.